பருந்து முதலாளி இறங்கிய வயல்

தை அமாவாசை, காலை பதினொன்று பத்து. வானத்தில் மேகம் மூன்று. மூன்றும் மேற்கே, ஆட்டுக்குட்டி அளவில். காற்று வடகிழக்கிலிருந்து, தோளில் கிடந்த துண்டின் ஓரம் மட்டும் ஆடுகிற அளவுக்கு. அந்த நேரத்தில்தான் என் சம்பந்தி, அதாவது என் மாப்பிள்ளையின் தகப்பனார், அறுவடைக்கு இரண்டே நாள் இருந்த என் சம்பா வயலில் ஆகாயத்திலிருந்து வந்து இறங்கினார்.

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த அத்தனை பேரிலும், தரையில் நடப்பதை ஒரு தற்காலிக ஏற்பாடு என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான். கல்யாணப் பத்திரிகையில் அச்சான அவருடைய பெயர் ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. மன்னார்குடி சாலையில் ரைஸ் மில் வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் பருந்து முதலாளி.

பெயர் வந்த கதை எளிது. மில்லில் அவித்த நெல்லைக் காயப்போட ஒரு பெரிய சிமென்ட் களம் உண்டு. வெயில் ஏறியதும் களம் தோசைக்கல்லாகக் காயும். அந்தச் சூட்டில் காற்று மேலே கிளம்பும். அதில் ஏறிக்கொண்டு பருந்துகள் இறக்கையை அடிக்காமலே வட்டம் போடும். மற்ற மில் முதலாளிகள் களத்தில் நெல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் முப்பத்தைந்து வருடமாக நெல்லுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காற்றின் போக்கைத் தெரிந்துகொள்ள, மில் கூரையில் ஏறி ஒரு கூடை உமியைக் கொட்டினார். உமி நேராகப் போய் எதிர்வீட்டு வளைகாப்புப் பாயசத்தில் இறங்கியது. அந்த வீட்டு அம்மாள் கரண்டியோடு வாசலுக்கு வந்து கத்தியபோது, இவர் கூரையிலிருந்தே கேட்டாராம்:

"அக்கா, கோவிச்சுக்காம சொல்லுங்க. உமி முன்வாசல் வழியா வந்துச்சா, கொல்லைப்பக்கமா வந்துச்சா?"

என் மகள் வசந்தியின் கல்யாணத்தில் நானே கண்ணால் பார்த்தேன். கெட்டிமேளம் கொட்டுகிறது. நானூறு பேர் அட்சதை போடுகிறார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் மட்டும் மண்டபத்து ஜன்னல் வழியாக அண்ணாந்து நிற்கிறார். என் கையைப் பிடித்து இழுத்து, "சம்பந்தி, சம்பந்தி, அங்க பாருங்க. ரெண்டு நிமிஷமா ஒரு தடவைகூட இறக்கையை அடிக்கலை" என்றார். நான் தாலி கட்டுவதைப் பார்ப்பேனா, பருந்தைப் பார்ப்பேனா? பெண்ணைப் பெற்றவன். சம்பந்தி காட்டிய திசையில்தான் பார்த்தேன். என் ஒரே மகளின் கழுத்தில் தாலி ஏறியதை நான் வீடியோவில்தான் பார்த்தேன்.

ஒருமுறை இருவரும் மயிலாடுதுறைக்கு பஸ்ஸில் போனோம். அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக வந்தார். கண்டக்டர், "பெரியவரே, கையை உள்ள எடுங்க, எதிர்ல லாரி வருது" என்றார். "ஒரு நிமிஷம்ப்பா, தூக்குது" என்றார் இவர். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் டிக்கெட்டை எண்ணுவது போல் குனிந்துகொண்டேன். இரண்டு டிக்கெட்டை எவ்வளவு நேரம் எண்ண முடியும்?

அறுபத்திரண்டாம் வயதில் மில்லை விற்றார். அந்த வருடமே தஞ்சாவூருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே, யுத்த காலத்தில் போட்டுக் கைவிட்ட பழைய ஓடுதளத்தில் தனியார் ஒருவர் கிளைடர் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார். கிளைடர் என்றால் இன்ஜின் இல்லாத விமானம். ஒரு லாரி இன்ஜினில் சுற்றிய கம்பிவடம் அதைப் பட்டம் போல இழுத்து மேலே ஏற்றிவிடும். வடம் கழன்றதும் அது தன் பாட்டுக்குக் காற்றில் மிதந்து இறங்க வேண்டியதுதான். என் சம்பந்தி முதல் வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார். கூடப் படித்தவர்கள் எல்லாம் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். அவரை அங்கிள் என்று கூப்பிட்டார்கள். பதினான்கு மாதம், பின் இருக்கையில் ஆசிரியரை வைத்துக்கொண்டு பறந்தார். ஆசிரியர் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற, புனே பக்கத்துக்காரர். எல்லோருக்கும் கேப்டன்.

அடுத்த கட்டம், தனியாகப் பறப்பது. அதற்கு நாள் குறிப்பதில்தான் சண்டை. சம்பந்தி தை அமாவாசை என்றார். கேப்டன் திடுக்கிட்டுப் போனார்.

"அமாவாசையா? எங்க வீட்டில் அன்னைக்கு ஸ்கூட்டர்கூட எடுக்க மாட்டோம். வேண்டாம் முதலாளி."

"சார், எங்க பக்கம் அது நெறஞ்ச நாளு. கடை திறக்கறது, வண்டி எடுக்கறது எல்லாமே அமாவாசையிலதான். நான் மில்லு ஆரம்பிச்சதே ஒரு அமாவாசையிலதான்."

கேப்டன் பள்ளி வருவதற்கு முன்பே தஞ்சாவூரில் குடியேறி, இந்த ஊர்ச் சோற்றை ஒன்பது வருடம் சாப்பிட்டவர். ஒத்துக்கொண்டார்.

"நீங்க அவசியம் வந்து பாக்கணும் சம்பந்தி" என்று என் சம்பந்தி எனக்குச் சொல்லியனுப்பினார். காலையில் ஆற்றங்கரையில் தர்ப்பணம் இருந்ததால், என் வயலில் நின்றே பார்க்கிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். உண்மை என்னவென்றால், ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டுகிறவனைப் பார்த்தாலே நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியே காலம் கழித்தவன் நான். தரையில் நடக்கிறவற்றுக்கே ஆயிரம் கவலை. எனக்கு இருப்பது ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர்; மாவுக்கு நூறு குழி. மறுநாள் விட்டு மறுநாள் அறுவடை மிஷின் வருவதாக இருந்தது. கதிர் முற்றித் தலை சாய்ந்து, நிறம் அப்படி ஒரு நிறம். குடையை விரித்துக்கொண்டு வரப்பில் நின்றேன்.

மேலே நடந்தது பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது. தனியாகப் பறக்கிறவர் ஓடுதளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிவிட வேண்டும். மொத்தம் நாலு நிமிடம். பதினான்கு மாதம் காத்திருந்த மனிதருக்கு நாலு நிமிடம் போதவில்லை. ஒன்றரைக் கிலோமீட்டரில் அவருடைய பழைய மில் களம் தெரிந்தது. அதன் மேலே போனால் சூட்டுக்காற்று தூக்கும்; இன்னும் ஒரு கால் மணி நேரம் பருந்தோடு பருந்தாகச் சுற்றலாம். எந்த மில்லில் எத்தனை மணிக்கு நெல் பரப்புவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நம்பிப் போனார்.

போன இடத்தில் ஒரு பருந்தும் இல்லை. களத்தில் ஒரு மணி நெல் இல்லை. தண்ணீர் பளபளவென்று நின்றது.

அமாவாசைக்கு மில்லுக்கு லீவு. ஆட்களுக்கு லீவு விட்டு, களத்தைக் கழுவிவிடுவது வழக்கம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவரே இவர்தான்! புதிதாக வாங்கியவர், பழைய முதலாளி மேலுள்ள மரியாதையில் அதை மாற்றாமல் வைத்திருந்தார். ஈரக்களத்தில் ஏது சூடு, ஏது தூக்கல்? நல்ல நாள் பார்த்துக் கிளம்பியவரை அந்த நல்ல நாளே கீழே இறக்கியது.

ஓடுதளத்துக்குத் திரும்ப உயரம் போதவில்லை. அப்படி ஆனால் எதிரே தெரிகிற சமமான இடத்தில் நேராக இறங்கிவிடு என்பது கேப்டன் நூறு தடவை சொன்ன பாடம். எதிரே சமமான இடத்துக்கா பஞ்சம்? கண்ணுக்கு எட்டிய வரை வயல். ஆனால் எல்லாம் விளைந்த வயல். எல்லாம் ஊரார் வயல். அடுத்தவன் கதிரில் கொண்டுபோய் இறக்க இவருக்கு மனசு வரவில்லை. ஒன்றைத் தாண்டினார், இன்னொன்றைத் தாண்டினார். தென்னந்தோப்பை உரசிக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டி, கணத்துக்குக் கணம் கீழே போய்க்கொண்டே, உரிமையோடு இறங்குவதற்கு ஒரு வயலைத் தேடினார்.

கீழே நான் நிற்கிறேன். பெரிய வெள்ளை இறக்கை ஒன்று தென்னைக்கு மேலே எழுந்து, என் பக்கம் திரும்பியது. சத்தமே இல்லை, புது வேட்டியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சன்னமான சீறல் மட்டும். மாட்டை விரட்டுவது போலக் குடையை ஆட்டி, "அங்க போங்க! அந்தப் பக்கம் போங்க!" என்று கத்தினேன். அது என் தலைக்கு மேலே போய், கதிரில் வயிற்றைத் தேய்த்து, ஒரு இறக்கை வரப்பில் மோத, பாதி வட்டம் திரும்பி நின்றது. எழும்பிய பதர் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணாடி மூடி திறந்தது. தலையில் வைக்கோலோடு என் சம்பந்தி எழுந்து நின்றார். இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்திருந்தார்.

"சம்பந்தி, மன்னிக்கணும். மில்லு லீவு" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் நெல் படுத்துக் கிடந்தது. கேட்க நினைத்தது வேறு. ஆனால் பெண்ணைக் கொடுத்தவனின் வாய்க்கு அதற்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது.

"வாங்க சம்பந்தி, வாங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றேன்.

"சௌக்கியம். நல்ல வேளை, குடையை ஆட்டிக் கூப்பிட்டீங்க. இல்லாட்டி ஒரு வயலு தள்ளிப் போயிருப்பேன்."

கால் மணி நேரத்தில் ஊரே வந்துவிட்டது. கிளைடர் சாய்த்தது முப்பது குழி. அதைப் பார்க்க வந்தவர்கள் மிதித்தது தொண்ணூறு குழி. "இன்ஜின் எங்கடா?" "இன்ஜினே கிடையாதாம்." "அப்ப டீசல் மிச்சம்." ஒரு கிழவி கற்பூரம் கேட்டாள். பக்கத்து வயல்காரர் முத்தையன், ஒரு கதிரும் சாயாத தன் வரப்பில் நின்றுகொண்டு, "அண்ணே, உங்க சம்பந்தி பாசக்காரருண்ணே. எங்க வயலையெல்லாம் தாண்டி உங்க வயலுக்கே வந்துட்டாரு பாருங்க" என்றார். நான் குழிக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கேப்டன் வீட்டுக்கு வந்தார். உடைந்த இறக்கைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, பள்ளி பார்த்துக்கொள்ளும். பிரச்னை வேறு. "நிலத்துக்காரர் நீங்க. புகார் இல்லைன்னு எழுதிக் கொடுத்தா முதலாளி மறுபடி பறக்கலாம். புகார் கொடுத்தா பேரை அடிச்சிடுவோம். எப்பவும் பறக்க முடியாது. ஒரு வாரம் டைம்."

அன்று ராத்திரியே சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார். "மாமா, நீங்க புகார் எழுதிக் குடுத்துடுங்க. நாங்க சொன்னா அப்பா கேக்க மாட்டாரு. இதுதான் சான்ஸ்." பின்னால் என் மகள், "அப்பா, எழுதுங்கப்பா" என்றாள். மறுநாள் காலையில் சம்பந்தியம்மாள் போனில் அழுதார். "அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன். அவரை எறக்கி விட்டுருங்க."

மாப்பிள்ளை சொல்லைத் தட்டக்கூடாது. சம்பந்தி மனம் கோணக்கூடாது. இரண்டும் சேர்ந்து ஒருவன் தலையில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தக் கல்யாணத்திலும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் என் விருப்பமும் அவர்கள் பக்கம்தான் இருந்தது, எட்டு மூட்டை நெல் மண்ணில் போன கோபம் வேறு. புகாரை எழுதினேன். நல்ல கையெழுத்தில், குழி வாரியாக. கையெழுத்து மட்டும் பாக்கி. சம்பந்தி வந்து, வேண்டாம் என்று கெஞ்சுவார், அப்போது நாலு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று காத்திருந்தேன்.

நாலாம் நாள் வந்தார். இடது கையில் கட்டு. வலது கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், நடுவே பதினைந்தாயிரம் இருந்த உறை. என் கை முன்னால் போனது. அடுப்படி வாசலில் நின்ற என் மனைவி கண்ணாலேயே என்னை அதட்டினாள். சம்பந்தி வீட்டுப் பணத்தைப் பெண் வீட்டில் கை நீட்டி வாங்குவதா? கை பின்னால் வந்தது. பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அவர் புகாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வயலைப் பாக்கணும்" என்றார். போனோம். மிஷின் நுழைய முடியாத இடத்தில் ஆறு பெண்கள் குனிந்து, சாய்ந்த கதிரைக் கையால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவர் முகம் சின்னதாகிவிட்டது.

"ஏன் சம்பந்தி இதெல்லாம்?" என்றேன். கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையில் வந்தது அவ்வளவுதான்.

அவர் காது கொஞ்சம் மந்தம். மில் இன்ஜின் செய்த வேலை. தலையைச் சாய்த்து வாங்கிக்கொண்டு, யோசித்துச் சொன்னார்.

"முப்பத்தஞ்சு வருஷம் நெல்லு அரைக்கிற ஹல்லர் சத்தத்துலயே இருந்துட்டேன் சம்பந்தி. பையன் மொதமொதலா அப்பான்னு சொன்னது மில்லுலதான். எனக்குக் கேக்கலை. அவ சொல்லித்தான் தெரியும். ராத்திரி படுத்தாலும் காதுக்குள்ள மில்லு ஓடும். இப்பவும் ஓடுது. மேல போய் அந்த வடம் கழண்டதும், அது ஒண்ணுதான், நின்னு போவுது. எனக்கே நம்ப முடியலை. மேல ஒரு சத்தமும் இல்லை."

நான் வரப்போரம் சாய்ந்து கிடந்த ஒரு கதிரை நிமிர்த்திவிட்டேன். அவரே தொடர்ந்தார்.

"அன்னிக்கு எறங்க எடம் தேடினேன்ல? மேலேருந்து பாத்தா எல்லா வயலும் கோணல்மாணலா கெடக்கு. ஒண்ணு மட்டும் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி. உங்க வரப்புதான். அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். வேற யாருங்க இந்தக் காலத்துல இப்படி நேரா வரப்பு போடுறா?"

அந்த வரப்புகளை வருடா வருடம் நான் கயிறு கட்டிப் போடுகிறேன். ஆள்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். என் மனைவி முகத்துக்கு நேரே சிரிப்பாள். முதல்முறையாக ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார், அதுவும் விழுந்துகொண்டிருக்கும்போது.

வீட்டுக்கு வந்து வேறொரு தாளில் எழுதினேன். புகார் எதுவும் இல்லை. இரண்டே வரி. அதில் கையெழுத்துப் போட்டேன். மாப்பிள்ளையிடம் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் நிசப்தம். "நெட்வொர்க் சரியில்ல போல மாப்ளே" என்றேன். "நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு மாமா" என்று வைத்துவிட்டார். அடுத்த இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. சம்பந்தியம்மாள் இன்றைக்கும் எனக்குக் காபி மட்டும் கொடுக்கிறார், பலகாரம் கிடையாது.

சம்பந்தி பங்குனியில் மறுபடி பறந்தார். அமாவாசை இல்லை, கேப்டன் குறித்த நாள். இப்போது வாரம் ஒருமுறை என் வயலுக்கு மேலே வருகிறார். வந்தால் ஒரு இறக்கையைச் சாய்ப்பார். நான் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்வேன். எதற்கு வம்பு?

ஆடி கழிந்து சம்பாவுக்கு நாற்று விடும்போது ஒரு காரியம் செய்தேன். ஆறு மாவில் கிழக்கே நீளமாக இருக்கிற மூன்று மாவுக்கு மடையை அடைத்து, நடாமல் விட்டேன். குறுக்கே இருந்த இரண்டு வரப்பையும் வெட்டிச் சமமாக்கினேன். ஓரத்து வரப்புகளை மட்டும் கயிறு கட்டி, முன்னைவிட நேராகப் போட்டேன். முத்தையன் கேட்டதற்கு, மண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்றேன்.

"மண்ணுக்கா ஓய்வு?" என்றாள் என் மனைவி, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு.

இப்போது மறுபடியும் தை. சுற்றிலும் கதிர் முற்றி நிற்கிறது. நடுவே என் மூன்று மா வெறுமையாக, வழுக்கையாகக் கிடக்கிறது. அவர் இதுவரை ஒருமுறைகூட அங்கே இறங்கவில்லை. போன வருடம் போன எட்டு மூட்டைக்குப் பதினோராயிரத்து இருநூறு. கையறுப்புக்கு இரண்டாயிரத்து நானூறு. உடைந்த வரப்புக்கு அறுநூறு. கிளைடரைத் தூக்கியவர்களுக்கு டீ, வடை முந்நூற்று நாற்பது. இந்த வருடம் வரப்பு வெட்டிய கூலி ஆயிரத்து நானூறு. நடாத நிலத்தில், செலவு போக எனக்கு நின்றிருக்க வேண்டியது இருபத்தோராயிரத்து எண்ணூறு. இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன். அவர் இறங்கினாலும் இறங்காவிட்டாலும், ஆக மொத்தம் முப்பத்தேழாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.